மேடு என்று சொன்னேன்

விளிம்பு நிலையம், நிலாவின் தென்முனை
படம் பார்ப்பவர் பதிவு

செப்டம்பர் 9, காலை 6.20

எல்லாம் வழக்கம்போல். காற்று சரி. சூடு சரி. பேட்டரிப் பெட்டி இரண்டில் ஒன்றுதான் வேலை செய்கிறது. மற்றது போன மாதமே செத்துவிட்டது. பெரிய முகாமுக்குச் சொல்லியாயிற்று.

புதிதாக இதைப் படிப்பவருக்கு: என் பெயர் அமலி. வயது பதினேழு. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டேன். பிரகாசி அக்காவும் ரூபஸ் அத்தானும் இங்கே வேலைக்கு வந்தபோது என்னைத் தனியே விட்டுவர மனமில்லாமல் கூட்டிவந்தார்கள். எங்களுக்குத் தூத்துக்குடி. உப்பளத்து ஆட்களைத்தான் கம்பெனி முதலில் எடுத்தது. உப்பு வாரத் தெரிந்தவனுக்குப் பனிக்கட்டியும் வாரத் தெரியும் என்று நினைத்துவிட்டார்கள்.

பனிக்கட்டி பெரும்பள்ளத்தின் அடியில் இருக்கிறது. அங்கே ஒருநாளும் வெயில் விழுந்ததில்லை. அக்காவும் அத்தானும் வண்டி எடுத்துக்கொண்டு உள்ளே இறங்குவார்கள். நான் பள்ளத்தின் விளிம்பில் இந்த அறையில் இருந்து, துணைக்கோள் மேலிருந்து எடுத்து அனுப்பும் படங்களைப் பார்த்து, எங்கே மேடு, எங்கே குழி என்று சொல்வேன். ஆட்களோடு பேச எனக்கு வராது. படத்தோடு இருப்பது பிடித்திருக்கிறது.

ரேடியோவில் நான் பேசுவதில்லை. பெரிய முகாமில் எல்லோருக்கும் கேட்கும். எழுதி அனுப்புவேன். வண்டியின் திரையில் தெரியும். இன்று கிளம்பும்போது அத்தான்:

“ஏட்டி அமலி, இருக்கியா, ஒறங்கிட்டியா? எழுதி எழுதித் தள்ளுதியே, ஒருநா வாயத் தொறந்து பேசேன். பேசுனா பல்லு கொட்டிருமோ?”

அக்கா: “அவள விடுங்க. நீங்க பேசுதது ரெண்டு ஆளுக்குக் காணும்.”

செப்டம்பர் 9, காலை 7.55

முதல் படம் வந்தது. இருட்டுக்குள்ளும் பார்க்கிற புதுக் கேமரா போன வாரம்தான் துணைக்கோளில் ஓட ஆரம்பித்தது. இதுவரை கறுப்பாக மட்டும் தெரிந்த பள்ளத்தின் அடி இப்போது சாம்பல் நிறத்தில் தெரிகிறது.

படம் பார்க்க எங்களுக்கு ஒரு முறை உண்டு. முதலில் படத்தை வெயிலுக்குத் திருப்ப வேண்டும். சூரியன் எந்தத் திசை என்று படத்தின் ஓரத்திலேயே போட்டிருக்கும். அந்தத் திசை திரையின் உச்சியில் வரும்வரை படத்தைச் சுழற்ற வேண்டும். மனிதக் கண்ணுக்கு வெளிச்சம் மேலிருந்து வந்துதான் பழக்கம். அப்படித் திருப்பிவிட்டால் மேல்பக்கம் வெளுத்துக் கீழ்ப்பக்கம் கறுத்திருப்பது மேடு. மேல்பக்கம் கறுத்துக் கீழ்ப்பக்கம் வெளுத்திருப்பது குழி. திருப்பாமல் பார்த்தால் எல்லாம் தலைகீழாகத் தெரியும். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று சொல்லிக்கொடுத்தது இது ஒன்றுதான். இன்றுவரை தவறியதில்லை.

இன்றும் திருப்பினேன். வண்டி கம்பத்தடியில் நிற்கிறது. கம்பத்தடி என்பது பள்ளத்துக்குள் உயரமான கம்பம் நட்டு, பக்கத்தில் காற்றுக்குடுவைகளோடு ஒரு அடைக்கலக் கூண்டு வைத்திருக்கும் இடம். அதிலிருந்து நேராகப் போனால் அகலமான ஒரு மேடு. மேல்பக்கம் நன்றாக வெளுத்திருக்கிறது.

எழுதி அனுப்பியது: “எதிரே மேடு. ஏற்றம் பயப்படும்படி இல்லை. மண் பொலபொலவென்று இருக்கும், சக்கரம் புதையும். வேகம் எடுத்து ஒரே மூச்சில் ஏறிவிடுங்கள்.”

அத்தான்: “சரி டீச்சரம்மா. ஒரே அமுக்கு.”

செப்டம்பர் 9, காலை 8.30

வண்டியிலிருந்து சத்தம் இல்லை. “பிடி, ஏறப்போகுது” என்று அத்தான் சொன்னதும் அக்கா சிரித்ததும்தான் கடைசி. மேட்டின் அந்தப் பக்கம் இறங்கியிருப்பார்கள். அங்கேயிருந்து ரேடியோ எட்டாது. துணைக்கோள் தலைக்கு மேல் வரும்போதுதான் பேச முடியும். அது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வரும்.

டீ போட்டேன். குடிக்கவில்லை.

செப்டம்பர் 9, காலை 10.05

துணைக்கோள் வந்தது. கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

அத்தான்: “அமலி. அமலி. மேடு இல்லட்டி இது. குழி. தலகுப்புற விழுந்து கெடக்கோம். முன் சக்கரம் ரெண்டும் போச்சு. வண்டிக் காத்தெல்லாம் கீறல் வழியா போயிட்டு. விண்வெளிச் சூட்டு மாட்டிட்டோம். அக்காளுக்குக் கால்ல அடி. நீ எழுதி அனுப்பாத, திரை ஒடஞ்சுட்டு. கேக்கா? பேசு. வாயத் தொறந்து பேசு.”

பேசினேன். “அத்தான்” என்று மட்டும் வந்தது.

அத்தான்: “மேடுன்னு சொன்ன. மேடுன்னுதான சொன்ன?”

அக்கா: “அவகிட்டக் கத்தாதீங்க. ஏட்டி, எனக்கு ஒண்ணுமில்ல. முட்டு வீங்கிருக்கு, அவ்வளவுதான். அழாம படத்தப் பாரு. நாங்க எங்கன கெடக்கோம், எப்படி வெளிய வரதுன்னு மட்டும் பாத்துச் சொல்லு.”

அதற்குள் துணைக்கோள் போய்விட்டது.

செப்டம்பர் 9, காலை 10.50

பெரிய முகாமிலிருந்து இன்பராஜ் சார் கூப்பிட்டார். எங்களுக்கு மேல் அதிகாரி. நல்லவர், ஆனால் மெதுவாகப் பேசுவார்.

“அமலி, நல்லாக் கேளும்மா. மீட்பு வண்டி கிளம்பிடுச்சு. ஆனா நாளைக்குக் காலையிலதான் கம்பத்தடிக்கு வரும். இவங்க சூட்ல இருக்கிற காத்து இன்னைக்கு ராத்திரி எட்டு மணி வரைக்கும்தான். அதுக்குள்ள அவங்க நடந்து கம்பத்தடிக்குப் போயிடணும். கூண்டுக்குள்ள ரெண்டு பேருக்கும் காத்து இருக்கு. கூண்டுக் கதவு திறந்தா எனக்கு இங்க விளக்கு எரியும். வழிய மட்டும் நீ சரியாச் சொல்லிடு.”

சரி சார் என்றேன். காலையிலும் சரியாகத்தான் சொன்னேன் என்று நினைத்திருந்தேன்.

செப்டம்பர் 9, காலை 11.30

எங்கே பிசகினேன் என்று தெரிந்துவிட்டது.

படத்தை மறுபடி எடுத்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். மேடு மேடாகத்தான் தெரிந்தது. எத்தனை தடவை பார்த்தாலும் மேடு. பிறகு கம்பத்தைப் பார்த்தேன். கம்பம் கம்பம்தான், அது குழியாக மாறாது. அதன் நிழல் சூரியனைப் பார்த்து விழுந்திருந்தது.

எந்த நிழலும் சூரியனைப் பார்த்து விழாது.

பள்ளத்தின் அடியில் வெயிலே இல்லை. பிறகு அந்தச் சாம்பல் வெளிச்சம் எங்கிருந்து வந்தது? சூரியனுக்கு எதிரே இருக்கும் பள்ளச் சுவரின் உச்சியில் வெயில் படுகிறது. அந்தச் சுவரில் பட்டுத் திரும்பிய வெளிச்சம்தான் அடியில் விழுகிறது. எதிர்வீட்டு வெள்ளைச் சுவரில் வெயில் பட்டால் நம் வீட்டு உள்ளறைக்கும் கொஞ்சம் வெளிச்சம் வருமே, அப்படி. சூரியன் ஒரு பக்கம், வெளிச்சம் அதற்கு நேர் எதிர்ப்பக்கம். நான் சூரியனுக்குத் திருப்பினேன். வெளிச்சத்துக்குத் திருப்பியிருக்க வேண்டும்.

படத்தைத் தலைகீழாக்கினேன். என் கண்முன்னே மேடு உள்வாங்கிக் குழியாக இறங்கியது. ஒரு புள்ளிகூட இடம் மாறவில்லை. முறைப்படி வேலை செய்துதான் அவர்களை வேகமாக ஓட்டி உள்ளே விழச் சொல்லியிருக்கிறேன்.

செப்டம்பர் 9, பகல் 12.15

துணைக்கோள் வந்தது. நடந்ததைச் சொன்னேன். ஒரே மூச்சில் சொன்னேன். பெரிய முகாமில் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பிறகு அத்தான்: “சரி. போனது போட்டும். இப்ப எந்தப் பக்கம் ஏற? விழுந்த பக்கம் செங்குத்து. கால வச்சா மண்ணு சரியுது. அதப் பாத்து நின்னா இடப்பக்கம் ஒரு வாய் இருக்கு, வலப்பக்கம் ஒரு வாய் இருக்கு. விளக்கடிச்சுப் பாத்தா பத்தடிக்கு மேல ஒண்ணும் தெரியல, எல்லாம் கறுப்பு.”

படத்தில் அந்த இரண்டு வாய்களும் தெரிகின்றன. ஒன்று மேலே ஏறும் சரிவு. மற்றது இதைவிட ஆழமான இன்னொரு குழிக்குள் விழும் பிளவு. எது எது என்று தெரியவில்லை. குழிக்குள் இரண்டு பக்கத்துச் சுவர் வெளிச்சமும் கலந்து விழுகிறது. படத்தை ஒரு வாகில் திருப்பினால் இடப்பக்கம் ஏறுகிறது. இன்னொரு வாகில் திருப்பினால் வலப்பக்கம் ஏறுகிறது. திருப்பாமல் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாலே மாறி மாறித் தெரிகிறது.

“தெரியல அத்தான்” என்றேன்.

அத்தான்: “காலையில மட்டும் தெரிஞ்சிச்சாக்கும்.”

அக்கா: “இந்தா, அந்தப் பேச்ச விடுங்கன்னேன்லா. அமலி, நீ தெரியலன்னு சொன்னது நல்லதுட்டி. தெரிஞ்சப்புறம் சொல்லு. அது வரைக்கும் நாங்க அசைய மாட்டோம்.”

அத்தான்: “ஆமா, இங்கன பாய விரிச்சுப் படுத்துக்கிடுதோம்.” பிறகு, மெதுவாக: “சொல்லுட்டி. நீ சொன்னாத்தான் போவோம்.”

செப்டம்பர் 9, பகல் 12.50

வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று நிச்சயமாகத் தெரிந்தால் போதும். அப்போது நிழல் பொய் சொல்லாது. அப்படி ஒரு வெளிச்சம் என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது.

இந்த நிலையம் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே, நிழலில் இருக்கிறது. மேலே விளிம்பில் நட்ட வேறொரு கம்பத்தின் உச்சியில் ஒரு பெரிய கண்ணாடி வெயிலைப் பிடித்து எங்கள் சூரியத் தகட்டின்மேல் விடுகிறது. மின்சாரம், காற்று, சூடு எல்லாம் அதிலிருந்துதான். கண்ணாடியைத் திருப்ப உள்ளேயே இரண்டு கைச்சக்கரங்கள் உண்டு. முழுக்கத் திருப்பினால் அது பள்ளத்தைப் பார்க்கும். ஒரு விளையாட்டு மைதானம் அகலத்துக்கு வெளிச்சம் போய் அடியில் விழும்.

இன்பராஜ் சாரிடம் கேட்டேன்.

“கண்ணாடிய மட்டும் தொடாத. உன்கிட்ட இருக்கிறது ஒத்தப் பேட்டரி. நாலு மணி நேரம்கூடத் தாங்காது.”

“அறைச் சூட்ட நிறுத்திட்டா தாங்கும் சார்.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“தெரியாது சார்.”

“அமலி, பேட்டரி முழுசா இறங்கிட்டா அதுக்கப்புறம் நீ கண்ணாடியத் திருப்பி வச்சாலும் அது எழுந்திருக்காது. புரியுதா? உன்கிட்ட வர்றதுக்கு வேற வண்டி இல்லம்மா. இருக்கிற ஒரே வண்டி அங்க போயிட்டிருக்கு.”

“புரியுது சார்.”

“நான் வேண்டாம்னு சொல்றேன். பதிவுல எழுதிக்கோ.”

எழுதிவிட்டேன்.

செப்டம்பர் 9, பகல் 2.25

திருப்பியாயிற்று. சக்கரம் இறுகிக் கிடந்தது, உடம்பையே போட்டுச் சுற்ற வேண்டியிருந்தது. அறைச் சூட்டை நிறுத்திவிட்டேன். அக்காவின் கம்பளிச் சட்டையை என் சட்டைக்கு மேல் போட்டிருக்கிறேன்.

துணைக்கோள் வந்தது. சாம்பலுக்கு நடுவில் வெள்ளையாக ஒரு வட்டம். ஓரமாக விழுந்திருந்தது, ஆனால் குழியைத் தொட்டிருந்தது. வெளிச்சம் என் பக்கத்திலிருந்து வருகிறது. நான் விட்ட வெளிச்சம். இனி படத்தை எந்தப் பக்கமும் திருப்ப வேண்டியதில்லை.

வலப்பக்க வாய் முழுக்க வெளுத்து, சீராக மேலே போகிறது. இடப்பக்க வாயில் கத்தியால் வெட்டியதுபோல ஒரு கறுப்பு. அதுதான் பிளவு.

“வலது” என்று கத்தினேன். “அத்தான், வலது. இடதுபக்கம் போகாதீங்க. வலது.”

அத்தான்: “ஏ, இது என்ன வெளிச்சம்? திருவிழாக் கணக்கா இருக்கு!”

“நான்தான். கண்ணாடியத் திருப்பிருக்கேன்.”

அக்கா உடனே: “கண்ணாடியவா? அப்ப ஒனக்கு?”

“பேட்டரி இருக்கு.”

“எவ்வளவு நேரத்துக்கு?”

“காணும் அக்கா, போதும். கேளு. சூட்டு ரேடியோ எனக்கு எட்டாது. வண்டிய விட்டு வந்தீங்கன்னா பேச முடியாது. நான் வெளிச்சத்த வழி மேலயே மெதுவா நகத்திட்டு வருவேன். வெளிச்சம் எங்கன விழுதோ அங்கனயே நடந்து வாங்க. கறுப்புல கால வைக்காதீங்க. கம்பத்தடி வரைக்கும் கொண்டுவந்து விட்டுருவேன்.”

அக்கா: “ஏட்டி, நீ பொய் சொல்லுத. ஒன் சத்தத்துலயே தெரியுது. மொதல்ல கண்ணாடியத் திருப்பி...”

அத்தான்: “பேச நேரமில்ல பிரகாசி, எந்திரி. தோளப் பிடி. கொழுந்தியா, ஒருநாத்தான் பேசுன, ஊரே கேக்கப் பேசிட்ட. வாரோம்.”

செப்டம்பர் 9, மாலை 4.30

குளிர் இவ்வளவு சீக்கிரம் வரும் என்று நினைக்கவில்லை. சுவரில் என் மூச்சு உறைந்திருக்கிறது. விளக்குகளை அணைத்துவிட்டேன். திரையும் ரேடியோவும் காற்று விசிறியும் மட்டும் ஓடுகின்றன. பேட்டரி பாதிக்குக் கீழே.

இரண்டு சக்கரங்களையும் விடாமல் சுற்ற வேண்டியிருக்கிறது. நின்றால் சூரியன் நகர்ந்து வெளிச்சம் விலகிப்போகிறது. அவர்கள் நடையின் வேகம் எனக்குத் தெரியாது. முட்டு வீங்கிய ஒரு ஆள் எவ்வளவு நடப்பாள் என்று நினைத்து நினைத்துச் சுற்றுகிறேன். வேகமாக நகர்த்தினால் இருட்டில் விட்டுவிடுவேன். மெதுவாக நகர்த்தினால் காற்று தீர்ந்துவிடும்.

இப்போது வந்த படத்தில் அவர்கள் குழிக்கு வெளியே. வட்டத்துக்குள் இரண்டு நிழல்கள். மேலிருந்து பார்த்தால் ஆட்கள் தெரியவில்லை, புள்ளிகூட இல்லை. நிழல்தான் நீளமாக, மெல்லிதாக, என்னை விட்டு விலகி விழுந்திருக்கிறது. ஒன்று நேராக, ஒன்று சாய்ந்து. திரையைத் தொட்டுப் பார்த்தேன். சளி பிடித்த பிள்ளைபோல அழுதேன். கண்ணீர் இமையில் ஒட்டிக்கொண்டது.

பாதி தூரம்தான் வந்திருக்கிறார்கள். இன்னும் வேகமாக நகர்த்த வேண்டும்.

செப்டம்பர் 9, மாலை 5.40

இன்பராஜ் சார்: “அமலி, இப்பத் திருப்பிடு. உனக்கு இன்னும் கொஞ்சம் இருக்கு. இப்பத் திருப்பினா நீ பொழைச்சுக்குவ.”

“கதவு விளக்கு எரிஞ்சிச்சா சார்?”

“இன்னும் இல்ல.”

“அப்ப திருப்ப முடியாது சார்.”

“ஒரு நிமிஷம் கேளு. எனக்கும் உன் வயசுல...”

அவர் முடிக்கவில்லை. அழுதார் என்று நினைக்கிறேன். ரேடியோவை அணைத்துவிட்டேன். சார்மேல் கோபமில்லை. அடுத்த படத்துக்கு மின்சாரம் வேண்டும்.

விரல்கள் மடங்க மறுக்கின்றன. முழங்கையால் சக்கரத்தைத் தள்ளுகிறேன்.

செப்டம்பர் 9, மாலை 6.35

படம் வந்தது. இதுதான் கடைசிப் படம். திரை மங்குகிறது.

வட்டம் கம்பத்தடிக்குப் பக்கம் வந்துவிட்டது. கம்பத்தின் நிழல் தெரிகிறது. கூண்டின் நிழல் தெரிகிறது, சதுரமாக. இரண்டுக்கும் முன்னால், வட்டத்தின் ஓரத்தில், ஆள் நிழல்.

ஒன்று.

படத்தைத் திருப்பிப் பார்த்தேன். திருப்ப வேண்டிய அவசியமில்லை என்று தெரிந்தும் திருப்பினேன். ஒன்றுதான். வட்டத்துக்கு வெளியே தேடினேன். அங்கே சாம்பல்.

அந்த நிழலின் கீழ்ப்பக்கம் மெல்லிது. மேல்பக்கம் அகலம். தலைக்குப் பக்கத்தில் புடைப்பாக ஒரு முண்டு. அத்தான் அக்காவை முதுகில் தூக்கி வருகிறார். அப்படித்தான் இருக்கும். முட்டு வலி தாங்காமல் அக்கா உட்கார்ந்திருப்பாள், இவர் ஏதாவது திட்டிவிட்டுத் தூக்கியிருப்பார்.

அல்லது காற்றுக்குடுவையைத் தோளில் போட்டுக்கொண்டு வரும் ஒரே ஆளாகவும் இருக்கலாம். நிழல் அதுவும் இப்படித்தான் விழும்.

தூக்கிவருகிறார் என்று படிக்கிறேன். காலையில் மேடு என்று படித்ததும் நான்தான்.

செப்டம்பர் 9

மணி தெரியவில்லை. திரை அணைந்துவிட்டது. விசிறி நின்றுவிட்டது. கையால் எழுதுகிறேன்.

கண்ணாடி இன்னும் அந்தப் பக்கம்தான். சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறேன். என் பாரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக நகர்கிறது. கூண்டின் மேல் வெளிச்சம் இருக்க வேண்டும். இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒருவர் வந்திருந்தால், மற்றவரைக் கூட்டிவரத் திரும்பிப்போக வேண்டுமானால், வெளிச்சம் வேண்டும். அதனால் விடவில்லை.

இதை எடுப்பவர்கள் கடைசிப் படத்தை ஒருமுறை பாருங்கள். வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வருகிறது. அது நான் விட்டது, அதில் சந்தேகமில்லை. எந்தப் பக்கமும் திருப்பாதீர்கள். கம்பத்தை விட்டுவிடுங்கள், கூண்டை விட்டுவிடுங்கள். அந்த ஓரத்தில் இருப்பது மட்டும், தலைக்குப் பக்கத்தில் இருக்கிற அந்த முண்டு மட்டும், கை மாதிரி இல்லையா, கழுத்தைக் கட்டிக்கொண்ட கை மாதிரி